இங்கிலீஷ்ல ‘தான்’ போட முடியாது, கோடு போடலாம்

நேவி ப்ளூ லாட் டையிங்ல ஷேட் மாறி வந்துருச்சு. அப்ரூவ் ஆன லேப் டிப்பை, அதாவது மொதல்ல டை பண்ணிக் காட்டற சின்ன மாதிரித் துண்டை, பக்கத்துல வெச்சு லைட் பாக்ஸ்ல பகல் வெளிச்சம் மாதிரி இருக்கற டி65 லைட்டைப் போட்டு பாத்தா சின்னக் கொழந்தைகூட ரெண்டும் வேறன்னு சொல்லிடும், அவ்ளோ செகப்பு ஏறிக் கெடக்கு. ஜெர்மனி பையருக்கு மதியம் 12:30க்குள்ள மெயில் போயிடணும், அப்பத்தான் அங்க காலைல 9 மணிக்கு அவர் வந்து உக்காரும்போது மொதல் மெயிலா கண்ணுல படும். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வேலைக்கு புதுசா சேந்த தம்பி டைப் பண்ணிட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான்.

“த நேவி லாட் ஃபெயில்டு இன் ஷேட், வி ஆர் ரீ-டையிங் இட்.”

கமாவை எடுறான்னேன். “எடுத்துட்டு என்னங்க்கா போடறது?”ன்னு கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சு டீ ஆறிப்போச்சு, அதான் இங்க எழுதி வெக்கறேன். இங்கிலீஷ் வரியையும் தமிழ் எழுத்துலயே போடறேன், ஸ்பெல்லிங்கை விட்டுட்டு நடுவுல நிக்கற மார்க்கை மட்டும் பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பாடு.

மொதல்ல அந்த கமா. தம்பி சொன்னது நியாயம்தான். தமிழ்ல “ஷேட் ஃபெயில் ஆயிருச்சு, மறுபடி டை பண்றோம்”னு ஒரே மூச்சுல சொன்னா யாருக்கும் உறுத்தாது. நமக்கு வினையெச்சம்னு ஒரு வசதி இருக்கு, வந்து பாத்து எடுத்துட்டு கெளம்பிப் போயிட்டான்னு அஞ்சு வேலையை ஒரே நூல்ல கோத்துடலாம், கடைசியில ஒரு வினைமுற்று வந்தா போதும். அந்தப் பழக்கத்துல இங்கிலீஷ்லயும் கமாவாப் போட்டு கோக்கறோம். அங்க ரெண்டு பக்கமும் தனியா நிக்கக்கூடிய முழு வாக்கியமா இருந்தா நடுவுல கமா மட்டும் தாங்காது, கமா ஸ்ப்ளைஸ்னு அதுக்குப் பேரே வெச்சிருக்காங்க. சீசர் சொன்னதா சொல்லுவாங்களே, ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்டு, அந்த மாதிரி துண்டு துண்டா ஒரே அளவுல இருந்தா விட்டுடுவாங்க. நாம சீசர் இல்ல, நேவி லாட்டை கோட்டை விட்டவங்க. ஷேட் ஃபெயில்னு சொல்ற மெயில்ல கமாவும் ஃபெயில் ஆனா, துணியையும் இப்படித்தான் பாத்தீங்களான்னு அவருக்குத் தோணும்.

சரி, கமா வேண்டாம். ஃபுல் ஸ்டாப், செமிகோலன், கோலன், டேஷ், அடைப்புக்குறி, மூணு புள்ளி, ஆச்சரியக்குறின்னு கடையில இவ்ளோ சரக்கு இருக்கே, எதை எடுக்கறது?

இத்தனை வருஷமா பையருக்கு மெயில் தட்டி தட்டி நான் கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணே ஒண்ணு. தமிழ்ல அழுத்தம் வேணும்னா சொல்லுலயே ஒட்டிக்கலாம். ‘நீ சொன்ன’ன்னா அது வெறும் தகவல். ‘நீதான் சொன்ன’ன்னா சண்டை. ‘நீயே சொன்ன’ன்னா கேஸ் முடிஞ்சது. ‘நீயும் சொன்ன’ன்னா கூட்டாளியையும் சேத்துப் பிடிச்சாச்சு. இங்கிலீஷ்ல இந்த தான், ஏ, உம் எதையும் ஒட்ட வழியில்ல. பேசும்போது குரலை ஏத்தி எறக்கி வேலையை முடிச்சுக்கறாங்க, எழுதும்போது குரல் இல்லாததால பாதி வேலையை பங்க்சுவேஷன் தலையில கட்டிட்டாங்க. அதனால நான் மொதல்ல வரியை மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாப்பேன். நடுவுல ‘அதாவது’ வருதா, ‘தான்’ வருதா, ‘உம்… உம்’னு ஜோடியா வருதா, இல்ல ‘ம்ம், அது கெடக்கட்டும்’னு குரல் தாழுதா? எது வருதோ அதுக்கேத்த மார்க்கை எடுப்பேன்.

இதைப் புரிய வெக்கறதுக்கு நேவி வரி பத்தாது. எல்லா மார்க்கும் உக்காரக்கூடிய ஒரு வரி வேணும், எங்க ஊர்ல எல்லா மெர்ச்சண்டைசரும் வாழ்க்கையில ஒரு தடவையாவது எழுதியிருக்கக்கூடிய வரி. வி கேன் ஷிப் ஆன் டைம், பை ஏர். டைமுக்கு அனுப்பிடலாம், ஆனா கப்பல்ல இல்ல, பிளைட்ல. ஏர் ஃபிரைட், அதாவது பிளைட் சரக்குக் கட்டணம், யார் தலையில விழும்ங்கறதுதான் இந்த வரியோட உள்சண்டை, பையர் தலையிலயா நம்ம தலையிலயா. இப்ப ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க.

“வி கேன் ஷிப் ஆன் டைம், பை ஏர்.” இது நழுவற ஆளு. ஏர்ங்கறது ஏதோ வழக்கமா நடக்கற சமாச்சாரம் மாதிரி போற போக்குல சொல்லிட்டுப் போகுது. பின்னாடி இருக்கறது முழு வாக்கியம் இல்ல, அதனால கமா இலக்கணப்படி சரிதான். செலவை நாமளே ஏத்துக்கறோம், அதைப் பெருசு பண்ண வேண்டாம்னா இது போதும்.

“வி கேன் ஷிப் ஆன் டைம்: பை ஏர்.” இது வழி சொல்ற ஆளு. டைமுக்கு முடியுமா? முடியும். எப்படி? இப்படி. கோலனுக்கு முன்னாடி ஒரு கேள்வி எழும்பணும், பின்னாடி அதுக்கு பதில் வரணும், நம்ம ‘எப்படின்னா’, ‘என்னன்னா’, ‘அதாவது’ எல்லாம் இந்த ரெண்டு புள்ளிக்குள்ளதான் குடியிருக்கு. படிக்கறவருக்கு இவன் யோசிச்சுட்டுத்தான் பேசறான்னு ஒரு நம்பிக்கை வரும்.

“வி கேன் ஷிப் ஆன் டைம் — பை ஏர்.” இப்ப குரலே மாறிடுச்சு பாருங்க. “டைமுக்கு அனுப்பலாம்... ஏர்லதான்.” அந்தத் தான்தான் இந்தக் கோடு. மொத பாதியைப் படிச்சு நிம்மதியா மூச்சு விட்டவரை சட்டையைப் புடிச்சு நிறுத்தி ஒரு நிபந்தனை சொல்லுது. செலவு உங்களுதுங்கன்னு அடுத்த வரியில பேசப் போறோம்னா இதுதான் சரியான முன்னோட்டம்.

“வி கேன் ஷிப் ஆன் டைம். பை ஏர்.” விளம்பரப் பலகை. பை ஏர்ங்கறது தனி வாக்கியமே இல்ல, ஆனாலும் வேணும்னே ஒடச்சுப் போடறது. ஷூ விக்கறவனுக்கு நல்லா இருக்கும், போன் விக்கறவனுக்கு நல்லா இருக்கும், ஷிப்மென்ட் லேட் பண்ணவன் இந்த ஸ்டைல்ல எழுதினா, இவனுக்கு எவ்ளோ கொழுப்புன்னுதான் தோணும்.

“வி கேன் ஷிப் ஆன் டைம் (பை ஏர்).” இது மறைக்கற ஆளு. முக்கியமான விஷயத்தை அடைப்புக்குள்ள போட்டா கண்ணுல படாதுன்னு நெனப்பு. படும். பணம் சம்பந்தப்பட்டது எந்த மூலையில இருந்தாலும் பையர் கண்ணுல மொதல்ல அதுதான் படும், அதுக்கப்புறம் ஏன் ஒளிச்சு வெச்சன்னு இன்னொரு கேள்வியும் வரும்.

“வி கேன் ஷிப் ஆன் டைம்... பை ஏர்.” இழுவை. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொல்ற மாதிரி. வாட்ஸப்ல ஃபிரண்டுக்கு சரி, மெயில்ல தைரியமில்லாதவன் மாதிரி தெரியும். ஆச்சரியக்குறி போட்டா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேண்டாம், ஏர் ஃபிரைட் பில்லு வர்ற அன்னிக்கு யாரும் துள்ளிக் குதிக்கப் போறதில்ல.

அஞ்சாறு மார்க், வார்த்தையில ஒரு எழுத்து மாறல, ஆனா பேசற ஆளு ஒவ்வொரு தடவையும் வேற. செமிகோலன் மட்டும் இந்த வரியில உக்காரவே உக்காராது, பை ஏர்ங்கறது தனியா நிக்காதே. அதுக்கு ரெண்டு பக்கமும் முழு ஆளு வேணும்.

அந்த செமிகோலனைப் பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா நம்மாளுங்க ஒண்ணு அதைத் தொடவே மாட்டாங்க, இல்லன்னா சாம்பாருக்கு பெருங்காயம் மாதிரி எல்லாத்துலயும் போட்டுடுவாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல இதுக்கெல்லாம் சொல்லிக் குடுத்த பேரை ஞாபகம் இருக்கா, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. படி அளக்கற மாதிரி. சும்மா வெச்ச பேர் இல்ல இது, ஒரு காலத்துல இங்கிலீஷ்காரங்களும் இப்படி அளந்துதான் சொல்லிக் குடுத்தாங்க. 1795ல வந்த லிண்ட்லி மர்ரேவோட இலக்கணப் புத்தகத்துல செமிகோலனுக்கு கமாவை விட ரெண்டு மடங்கு நிறுத்தம், கோலனுக்கு அதுல ரெண்டு மடங்கு, ஃபுல் ஸ்டாப்புக்கு அதுலயும் ரெண்டு மடங்குன்னு இருக்கும். அதாவது 1, 2, 4, 8. நம்ம அளவு 1, 2, 3, 4. அவங்க வட்டி கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்கும் ரொம்ப முன்னாடி, கிமு 200 வாக்குல அலெக்சாண்ட்ரியா நூலகத்துல இருந்த அரிஸ்டோஃபனிஸ்ங்கற கிரேக்கர் வரிக்கு மேல, நடுவுல, கீழன்னு புள்ளி வெச்சதே, சத்தமா வாசிக்கறவன் எங்க எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு காட்டத்தான். கமா, கோலன்ங்கற பேரெல்லாம் அந்தக் கிரேக்கத்துலேர்ந்து வந்ததுதான். செமிகோலன் ரொம்ப லேட்டு, 1490கள்ல வெனிஸ்ல ஆல்டஸ் மனுடியஸோட அச்சுக்கூடத்துல பொறந்தது.

ஆனா இன்னிக்கு யாரும் மெயிலை சத்தம் போட்டு வாசிக்கறதில்ல. அதனால அளவை விட உறவுதான் முக்கியம், ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல என்ன உறவுன்னு செமிகோலன் சொல்லாமச் சொல்லும். “த ஃபேப்ரிக் இஸ் லேட்; த ட்ரிம்ஸ் ஆர் லேட்டர்.” துணியும் லேட்டு, பட்டனும் ஜிப்பும் அதைவிட லேட்டு. அந்த ‘உம்… உம்’ இருக்கு பாருங்க, அதான் செமிகோலன். தராசு மாதிரி ரெண்டு தட்டும் சமமா நிக்கும். இதையே ஃபுல் ஸ்டாப் போட்டு எழுதினா ரெண்டு தனித்தனி புகார். ‘அண்ட்’ போட்டு எழுதினா பட்டியல். டேஷ் போட்டா பட்டன்காரனை மாட்டி விடறோம். செமிகோலன்ல மட்டும்தான் ரெண்டு கஷ்டத்தையும் ஒரே மொகத்தோட சொல்ல முடியும். எனக்குப் புடிக்கும், ஆனா பையர் மெயில்ல மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல போட மாட்டேன். பையிங் ஆஃபீஸ்ல இருக்கறவங்க பாதிப் பேருக்கு இங்கிலீஷ் நம்மள மாதிரியே கடன் வாங்கின மொழி, போன்ல வேகமா ஸ்க்ரோல் பண்றவங்க கண்ணுக்கு செமிகோலன் கமாவாத்தான் தெரியும், நீங்க தராசு புடிச்சது வீண்.

ஒரு எடத்துல மட்டும் செமிகோலன் இல்லாம முடியாது. பட்டியலுக்குள்ள பட்டியல். “நேவி, எஸ் டு எக்ஸ்எல், ரெட், எம் டு டபுள் எக்ஸ்எல், வைட், எஸ் ஒன்லி”னு கமாவாவே போட்டா எந்த சைஸு எந்தக் கலருக்குன்னு பேக்கிங் செக்ஷன்ல சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பாக்கணும். “நேவி, எஸ் டு எக்ஸ்எல்; ரெட், எம் டு டபுள் எக்ஸ்எல்; வைட், எஸ் ஒன்லி.” முடிஞ்சது.

சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓவர்டைம் சட்டம் ஒண்ணு, எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கெடையாதுன்னு ஒரு நீளப் பட்டியல், அதோட கடைசியில “பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்”னு இருந்தது. ஆர்க்கு முன்னாடி கமா இல்ல. டெலிவரி வண்டி ஓட்டறவங்க கேஸ் போட்டாங்க, நாங்க டிஸ்ட்ரிபியூஷன்தான் பண்றோம், டிஸ்ட்ரிபியூஷனுக்காக பேக்கிங் பண்ணல, அதனால அந்தப் பட்டியல்ல நாங்க வரல, ஓவர்டைமை எடுத்து வைன்னு. 2017ல அப்பீல் கோர்ட்டு, ஆமா இந்த வரி ரெண்டு விதமா படிக்கற மாதிரிதான் இருக்குன்னு டிரைவர்ங்க பக்கம் நின்னுச்சு. அடுத்த வருஷம் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு. இதுல எனக்குப் புடிச்ச கூத்து என்னன்னா, சட்டத்தைத் திருத்தினவங்க விட்டுப்போன கமாவை மட்டும் சேக்கல, பட்டியல் பூரா கமாவைத் தூக்கிட்டு செமிகோலனா நட்டு வெச்சுட்டாங்க. சூடு கண்ட பூனை.

கமாவால எனக்கே ஒரு தடவை அடி விழுந்திருக்கு, அமெரிக்கா அளவுக்கு இல்லன்னாலும் தூக்கம் போற அளவுக்கு. ஒரு ஆர்டர், 6,000 பீஸ், அதுல 140 பீஸ்ல ஊசி ஓட்டை. நான் எழுதினது இது: “த பீசஸ், விச் ஆர் டேமேஜ்டு, வில் பி ரிப்ளேஸ்டு.” டேமேஜ் ஆன பீஸை மாத்திக் குடுத்துடறோம்னுதான் நெனச்சு எழுதினேன். ரெண்டு பக்கமும் கமா போட்டதுல அர்த்தம் தலைகீழா மாறிடுச்சு. கமா போட்டு அணைச்சா அது சும்மா கூடுதல் தகவல், எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்கும். ‘பீஸ் எல்லாம் மாத்தப்படும், அதெல்லாம் டேமேஜ் ஆனதுதான்.’ கமா இல்லாம “த பீசஸ் தட் ஆர் டேமேஜ்டு வில் பி ரிப்ளேஸ்டு”ன்னு எழுதியிருந்தா எந்தப் பீஸுன்னு பிரிச்சுக் காட்டியிருக்கும். தமிழ்ல இந்தப் பிரச்சனையே வராது, ‘டேமேஜ் ஆன பீஸை மட்டும்’னு ஒரு மட்டும் போட்டா தீந்தது. அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வந்தது, 6,000 பீஸும் டேமேஜா, ஷிப்மென்ட்டை நிறுத்தி வைங்கன்னு. எம்டி ரூம்ல நான் நின்ன நிப்பு இருக்கே, அதை விடுங்க.

நடுவுல ஒரு தகவலைச் சொருகறதுக்கு கமா ஜோடி, அடைப்பு, டேஷ் ஜோடின்னு மூணு வழி இருக்கு. பதவிசா சண்டை போடணும்னா இங்கதான் வித்தையே. ஷேட் கம்ப்ளெயின்ட் ஒண்ணு வருது, ஆனா அந்த சாம்பிளை அவங்களே மே மாசம் அப்ரூவ் பண்ணியிருக்காங்கன்னு வெச்சுக்குவோம்.

“த சாம்பிள்ஸ், விச் யூ அப்ரூவ்டு இன் மே, ஆர் த சேம் ஷேட்.” சாதாரணமா சொல்றோம், கோவம் இல்ல, ஞாபகப்படுத்தறோம்.

“த சாம்பிள்ஸ் (விச் யூ அப்ரூவ்டு இன் மே) ஆர் த சேம் ஷேட்.” காதோட காதா சொல்ற மாதிரி. சில சமயம் இதுதான் ரொம்ப வலிக்கும், ஏன்னா பெரியவங்க முன்னாடி தாழ்ந்த குரல்ல சொல்ற குத்தல் மாதிரி இது, சொன்ன மாதிரியும் இருக்கும் சொல்லாத மாதிரியும் இருக்கும்.

“த சாம்பிள்ஸ் — விச் யூ அப்ரூவ்டு இன் மே — ஆர் த சேம் ஷேட்.” விரலை நீட்டியாச்சு. நீங்கதானேய்யா மே மாசம் ஓகே பண்ணீங்க! இதை அனுப்பினா அடுத்த சீசன் ஆர்டர் வருமான்னு யோசிச்சுட்டு அனுப்பணும். நான் இதை எழுதி ட்ராஃப்ட்ல வெச்சுட்டு, கோவம் எறங்கினதும் கமாவா மாத்தி அனுப்பின நாள் நெறைய. அடைப்பு போட்டு அனுப்பின நாளும் உண்டு, அது எந்தெந்த பையருக்குன்னு கேக்காதீங்க.

இப்ப டேஷைப் பத்தி நடைமுறை சமாச்சாரம் ரெண்டு. நம்ம கீபோர்டுல இருக்கற சின்னக் கோடு டேஷ் இல்ல, அது ஹைஃபன், ரீ-டையிங்ல நடுவுல வர்றது. எழுத்து சைஸ் எவ்ளோவோ அவ்ளோ அகலம் இருந்தா அது எம் டேஷ், அதுல பாதி என் டேஷ். டைப்ரைட்டர் காலத்துல ரெண்டு ஹைஃபனை சேத்து அடிப்பாங்க, அந்தப் பழக்கத்தை வெச்சுத்தான் வேர்டுல ரெண்டு ஹைஃபனை ஒட்டி அடிச்சா தானா எம் டேஷா மாறுது. விண்டோஸ்ல ஆல்ட் கீயை அமுக்கிட்டு நம்பர் பேட்ல 0151. போன்ல ஹைஃபனை அமுக்கிப் புடிச்சா வரும். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் எடம் விடணுமா வேண்டாமான்னா, புத்தகம் போடறவங்களோட சிகாகோ ஸ்டைல்ல ஒட்டி வெக்கச் சொல்லுவாங்க, பத்திரிகைக்காரங்களோட ஏபி ஸ்டைல்ல எடம் விடச் சொல்லுவாங்க, பிரிட்டிஷ்காரங்க நெறைய பேர் எடம் விட்டு சின்ன என் டேஷ் போடுவாங்க. எதையாவது ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு மெயில் பூரா அதையே போடுங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணு, சாட்ஜிபிடி வந்த பெறகு எம் டேஷுக்கு கெட்ட பேரு. கோடு பாத்தாலே மெஷின் எழுதினதுன்னு சொல்றாங்க. எங்க ஆஃபீஸ்லயே ஒருத்தர் என் மெயிலைப் பாத்துட்டு, என்ன மேடம் இப்பல்லாம் ஏஐயான்னு கேட்டார், நான் அதை ப்ளஸ் டூலேர்ந்து போட்டுட்டு இருக்கேன். அது எல்லாப் பக்கமும் கோடா இழுக்கறதுக்கு நாம என்ன பண்றது, அதுக்காக நம்ம ‘தானை’ நாம விட்டுக் குடுக்கணுமா? இருந்தாலும் ஒரு மெயிலுக்கு ஒரு தான் போதும், எல்லா வரியிலயும் தான் போட்டுப் பேசற ஆளை நம்ம வீட்லயே யாரும் காது குடுத்துக் கேக்கறதில்ல. ரெண்டாவது தான் வேணும்னு தோணுச்சுன்னா அங்க கோலன் வருமான்னு பாப்பேன், பத்துல ஏழு தடவை வந்துரும்.

கோலனுக்கு ஒரு எச்சரிக்கை. எடது பக்கம் முழு வாக்கியமா இருக்கணும். “த பெண்டிங் ஐட்டம்ஸ் ஆர்: லேபிள், ஹேங்டேக், பாலிபேக்”னு எழுதறது எங்க ஊர் பூரா இருக்கு, ஆர்க்கு அப்புறம் கதவைச் சாத்தின மாதிரி. “த்ரீ ஐட்டம்ஸ் ஆர் பெண்டிங்: லேபிள், ஹேங்டேக், பாலிபேக்.” இப்ப சரி, மூணு என்னன்னு கேள்வி எழும்பிருச்சு, பதில் வந்துருச்சு.

மூணு புள்ளி விஷயத்துல எனக்கு ஊரோட தகராறு. நம்மாளுங்க மூணு புள்ளி கூட வெக்கறதில்ல, ரெண்டு புள்ளி. ஓகே.. நோட்டட்.. ப்ளீஸ் செண்ட்.. எல்லாத்துக்கும். நம்ம பெரியவங்க அதை ஒரு மூச்சு விடற எடமாத்தான் வெக்கறாங்க, வேற உள்நோக்கம் ஒண்ணும் இல்ல, வெளியூர்க்காரன் படிச்சா “ஓகே..”ன்னா என்னவோ மனசுல வெச்சுட்டு சொல்றான்னு நெனப்பான். எம்டி ஒரு தடவை “குட் குவாலிட்டி..”ன்னு அனுப்பிட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து ‘இஸ் எனிதிங் ராங்?’னு கேட்டு வந்தது. ஆச்சரியக்குறி ‘தேங்க் யூ’க்கு ஒண்ணு போடலாம், அதுக்கு மேல வேண்டாம். பழைய டைப்ரைட்டர் பலதுல அதுக்கு கீயே கெடையாது, மேல் கமா அடிச்சு, ஒரு எடம் பின்னாடி வந்து, கீழ புள்ளி அடிச்சுத்தான் செய்யணும். அவ்ளோ வேலை இருந்தா நாமளும் நிதானமாத்தான் ஆச்சரியப்படுவோம்.

சரி, நேவி லாட். மணி 12:15 ஆச்சு. தம்பி செமிகோலன் போடலாமான்னான், புதுசா கத்துக்கிட்டதை உடனே போட்டுப் பாக்கணும்னு ஆசை. போட்டா ஃபெயில் ஆனதும் மறுபடி டை பண்றதும் ஒரே எடையில நிக்கும், தப்பை மருந்தோட கலந்து குடுக்கற மாதிரி ஆயிடும். டேஷ் போட்டா ரீ-டையிங் ஏதோ சாதனை மாதிரி கேக்கும். கோலன் போட்டா அர்த்தமே இல்ல, ஃபெயில் ஆனதுக்கு விளக்கம் ரீ-டையிங் இல்லையே. தப்பை ஒத்துக்கற வரிக்கு ஃபுல் ஸ்டாப்தான். சொன்னோம், நிறுத்தினோம், அவர் திட்டறதுக்கு ஒரு நொடி எடம் விட்டோம், அப்புறம்தான் அடுத்த வரி. கோலனை கடைசிக்கு எடுத்து வெச்சேன். போன மெயில் இது:

“த நேவி லாட் ஃபெயில்டு இன் ஷேட். வி ஆர் ரீ-டையிங் இட் நவ், அட் அவர் காஸ்ட். வி நீட் ஒன் திங் ஃப்ரம் யூ: ஃபைவ் மோர் டேஸ்.”

அட் அவர் காஸ்ட்டுக்கு முன்னாடி கமா மட்டும் போட்டதையும் தம்பிக்குக் காட்டினேன். நம்ம செலவுலதான் பண்றோம்னு கோடு போட்டுக் காட்டினா நன்றி எதிர்பாக்கற மாதிரி இருக்கும். கமா போட்டு போற போக்குல சொன்னா மரியாதையா இருக்கும்.

12:50க்கு பதில் வந்தது. ஒரே வார்த்தை. “நோட்டட்.”

தம்பி மொகம் வாடிருச்சு. “ஃபுல் ஸ்டாப் வெச்சிருக்காருங்க்கா, கோவமா?” அவன் வயசுக்கு அது அப்படித்தான் தெரியும். அமெரிக்காவுல பிங்காம்டன் யுனிவர்சிட்டியில 2015ல 126 ஸ்டூடண்ட்ஸை வெச்சு இதையே ஆராய்ச்சி பண்ணாங்க, டெக்ஸ்ட் மெசேஜ்ல ஒரு வார்த்தை பதிலுக்கு ஃபுல் ஸ்டாப் வெச்சா மனசாரச் சொல்லலன்னு படுது, அதையே கையெழுத்துச் சீட்டுல வெச்சா அப்படிப் படறதில்லன்னு வந்தது. ஆனா நம்ம ஜெர்மனி பையருக்கு வயசு 60 பக்கம். நான் தம்பிக்கு பழைய மெயில் எல்லாம் தேடித் தேடி எடுத்துக் காட்டினேன். எனக்குப் பொண்ணு பொறந்தப்ப அவர் அனுப்பினது இருந்தது, “காங்கிராஜுலேஷன்ஸ்.” பொங்கலுக்கு அனுப்பினது, “ஹேப்பி பொங்கல்.” எல்லாத்துக்கும் கடைசியில அதே புள்ளி, ஆணி அடிச்ச மாதிரி.